ஆறு சனிக்கிழமைகளை எதற்குக் கொடுப்பது? கலப்பு வகுப்பறை ஆசிரியர்களுக்கான பயிற்சி முறைகள்: ஓர் ஒப்பீடு

ஒரு வட்டார வள மையத்துக்கு உள்ளடக்கிய கல்விப் பயிற்சி (எல்லா வகைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பதற்கான பயிற்சி) நடத்த ஓராண்டில் 6 சனிக்கிழமைகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்கள் 30 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். பலர் ஈராசிரியர் பள்ளிக்காரர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்றுதான் சொல்கிறது. ஆக, ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வது விதிவிலக்கு அல்ல, விதியே அதுதான். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபிறகு ஒரே அறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகள். அவற்றுக்கு நடுவே அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பிள்ளை, வீட்டில் இருளர் மொழி பேசும் இரண்டு பிள்ளைகள், செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன். திருவள்ளூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வருகைப் பதிவேடு புதிதாக இருக்காது.

இந்த ஆசிரியர்களுக்கு அந்த 6 நாட்களில் என்ன செய்வது? கருத்தாளரை அழைத்து உரையாற்ற வைக்கலாம். ஆசிரியர்களுக்கான அரசு இணையத் தளமான திக்ஷாவில் உள்ள பாடங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு நாட்களை மிச்சம் பிடிக்கலாம். சிறப்புப் பயிற்றுநரைப் பள்ளிக்கே அனுப்பலாம். அல்லது ஒரு வகுப்பறைச் சிக்கலைக் காணொளியாக, ஒலிப்பதிவாக, நோட்டுப் பக்கமாக முன்னால் வைத்து, ‘இந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு அதிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பல்லூடகச் சிக்கல்வழிக் கற்றல் என்று அழைக்கலாம். செயல்வழிக் கற்றலோடு பழகிய தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது.

என் சாய்வை மறைக்கப் போவதில்லை. நாட்களில் பெரும்பகுதியை இந்த நான்காவது வழிக்குத்தான் கொடுப்பேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று விற்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதை எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் பயிற்சிகளின் பழைய நோய்.

உரை எதற்குப் போதும்?

கருத்தாளர் உரையைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் சில விஷயங்களுக்கு உரைதான் சரியான வழி. அதைவிடச் சரியான வழி ஒரு பக்கத் தாள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. இவற்றைக் குழுவாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யாரிடம் எந்தப் படிவத்தைக் கொடுப்பது என்பதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு மணி நேரம் போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் உரை தொடரும்போது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பன்னிரண்டு, கற்றல் குறைபாட்டின் வகைகள் ஐந்து என்று படவில்லைகள் ஓடத் தொடங்கும். மாநில அளவில் எடுத்துக்காட்டுகளோடு சொல்லப்பட்ட பாடம் மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி வரும்போது எடுத்துக்காட்டுகளை வழியிலேயே உதிர்த்துவிடுகிறது. கடைசி ஆசிரியரின் கைக்குத் தலைப்புகள் மட்டுமே வந்து சேர்கின்றன. அவரும் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு, வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, மதியச் சாப்பாடு முடிந்து ஊருக்குப் போகிறார்.

திக்ஷா இந்த உதிர்வைத் தடுக்கிறது. அதன் பெரிய நன்மை அதுதான். 2017இல் தொடங்கிய தளம். 2019இல் நேரடிப் பயிற்சியாக ஆரம்பித்த நிஷ்டா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம், கொரோனா காலத்தில் 2020 அக்டோபர் முதல் அதே தளத்தில் 18 பாடங்களாக வந்தது. உள்ளடக்கிய வகுப்பறை பற்றிய பாடம் அவற்றில் ஒன்று. கூடலூரில் இருப்பவருக்கும் திருத்தணியில் இருப்பவருக்கும் ஒரே தரத்தில் ஒரே பாடம் கிடைக்கிறது. ஆனால் கடைசியில் வரும் வினாக்களுக்கு நான்கு விடைகள், ஒன்று சரி. வகுப்பறையில் அப்படி ஒரு வினாத்தாள் எங்கேயும் வருவதில்லை. அடுப்பில் குக்கர் விசில் அடிக்க, கைப்பேசி தன்போக்கில் பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சோம்பேறித்தனம் என்று ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் தன்னிடம் எதையும் கேட்காத இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

பி.எட். கல்லூரிகளில் இன்றும் நடக்கும் நுண்ணிலைக் கற்பித்தலையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஐந்து நிமிடப் பாடம், ஒரு திறன், உடனே கருத்துரை. ஆசிரியரின் குரலையும் கேள்வி கேட்கும் விதத்தையும் சீராக்க அது உதவும். எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் சக பி.எட். மாணவர்கள். அவர்களில் யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவதில்லை, யாரும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதில்லை. கலப்பு வகுப்பறைக்கு அதில் தயாரிப்பு ஏதும் இல்லை.

சிக்கலை முதலில் வைப்பது

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது வரிசையைத் திருப்பிப் போட்டது. முதலில் உடற்கூறு, பிறகு நோய், கடைசியில் நோயாளி என்ற வழக்கத்துக்குப் பதிலாக, நோயாளியின் சிக்கலை முதலிலேயே சிறு குழுவின் முன் வைத்தார்கள். எது தெரியும், எது தெரியாது, எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று குழு தீர்மானிக்கும். இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர்.

இது ஆசிரியர்களுக்குப் பொருந்துவதற்கு எளிய காரணம் உண்டு. பிள்ளை 21 வகைகளில் ஒன்றாகப் பெயர் ஒட்டிக்கொண்டு வகுப்புக்குள் வருவதில்லை. ‘படிக்க மாட்டேன் என்கிறான்’ என்ற ஒரே புகாராகத்தான் வருகிறது. அந்தப் புகாருக்குப் பின்னால் காது இருக்கலாம், கண் இருக்கலாம், வீட்டு மொழி இருக்கலாம், பசி இருக்கலாம், எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மூளைக்கு உள்ள தடுமாற்றம் இருக்கலாம். எது என்று தெரியாமல் உரையில் கேட்ட பன்னிரண்டு அறிகுறிகளை வைத்து என்ன செய்வது?

அப்படியானால் சிக்கலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா, பல்லூடகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாளுக்குச் செலவு இல்லை, மின்சாரம் வேண்டாம். ஆனால் இந்த இடத்தில்தான் இரண்டு முறைகளும் அடியோடு வேறுபடுகின்றன. பயிற்சிக்காக உருவாக்கிய ஒரு சிக்கலை இரண்டு வடிவத்திலும் வைத்துப் பார்ப்போம்.

தாளில் இப்படி இருக்கும்: ‘செல்வி, 8 வயது, மூன்றாம் வகுப்பு. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுவாள். சொல்வதை எழுதும்போது நிறையப் பிழைகள். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள். அடிக்கடி சளி பிடிக்கும்.’ இதைப் படித்த 30 பேரும் ஒரு நிமிடத்தில் ‘செவித்திறன் குறைபாடு’ என்று எழுதிவிடுவார்கள். விடை சரி. ஆனால் அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கவனிக்க வேண்டிய வேலை முழுவதையும் தாளை எழுதியவரின் பேனா முன்னதாகவே செய்து முடித்துவிட்டது. வகுப்பில் உள்ள நாற்பது அசைவுகளில் எந்த நான்கு முக்கியம் என்று பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்த பிறகு, மிச்சம் இருப்பது பெயர் வைப்பது மட்டும்தான்.

இப்போது அதே செல்வியை நான்கு நிமிடக் காணொளியாகப் பாருங்கள். அறையில் 28 பிள்ளைகள். மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. ஆசிரியர் பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசுகிறார். முன் வரிசையில் இரண்டு பையன்கள் சண்டை போடுகிறார்கள். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். செல்வி மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் தலை வலப்பக்கம் ஒரு நொடி திரும்புகிறது. ஆசிரியர் முகம் காட்டிக் கேட்டபோது சரியான பதிலைச் சொல்கிறாள். முதல் முறை பார்க்கும்போது இது கண்ணில் படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். காணொளியை நிறுத்திக் கேட்டால் வரக்கூடிய பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: கவனம் இல்லை, வீட்டில் சொல்லிக்கொடுப்பதில்லை, டிஸ்லெக்ஸியாவாக இருக்கும். ஒவ்வொரு குழுவும் தன் ஊகத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகுதான் அடுத்த தடயம் உள்ள உறை திறக்கும்.

அடுத்த உறையில் இரண்டு நோட்டுப் பக்கங்களின் படம். பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தில் ஒரு பிழை இல்லை. சொல்லக் கேட்டு எழுதிய பக்கத்தில் ‘மரத்திலிருந்து’ என்பது ‘மரத்தில’ என்று நிற்கிறது; ‘பறவைகள் பறந்தன’ என்பது ‘பறவை பறந்த’. பிழைகள் தாறுமாறாக இல்லை, எல்லாம் சொல்லின் வாலில். தமிழில் யார், எங்கே, எத்தனை, எப்போது என்பதெல்லாம் அந்த வாலில்தான் இருக்கின்றன. குரல் தாழ்ந்து முடியும் இடமும் அதுவே. மூன்றாவது உறையில் அவள் பாடநூலை வாய்விட்டுப் படிக்கும் ஒலிப்பதிவு. மெதுவாகப் படிக்கிறாள், ஆனால் சொல்லின் கடைசி வரை படிக்கிறாள். டிஸ்லெக்ஸியா என்று எழுதிய குழு இங்கே தடுமாறும். எழுத்தை ஒலியோடு இணைக்க முடியாத பிள்ளை அச்சில் இருப்பதை இப்படி முழுதாகப் படித்துவிடுமா? நான்காவது, அம்மாவின் குரல்: சளி பிடித்தால் காதில் சீழ் வரும், எண்ணெய் விட்டால் தானாக நின்றுவிடும் என்கிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலான சிக்கல்வழித் தொகுப்புகள் முடிந்துவிடும். துப்பறியும் கதை போல விடை கிடைத்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஆனால் காதைக் கண்டுபிடித்தது பாதி வேலைகூட இல்லை; நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பு. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதும் ஒரு வரி. ஆசிரியரின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. அவளை எங்கே உட்கார வைப்பது? எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று எப்படி அறிவது? பலகையில் எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிய பின் பேசும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? சொல்வதை எழுதச் சொல்லும் பயிற்சியை அவளுக்கு மட்டும் மாற்றினால் மற்ற 27 பேர் என்ன நினைப்பார்கள்? மறுபக்கம் நான்காம், ஐந்தாம் வகுப்பு காத்திருக்கும்போது இதையெல்லாம் எப்போது செய்வது? சனிக்கிழமையின் பிற்பகல் முழுவதும் இந்தக் கேள்விகளுக்குத்தான் போக வேண்டும். அடுத்த வாரப் பாடக்குறிப்பு ஒன்றை எழுதி முடிக்காமல் எந்தக் குழுவும் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஆக, தாளுக்கும் பல்லூடகத்துக்கும் உள்ள வேறுபாடு கவர்ச்சியில் இல்லை. தாள் ஏற்கெனவே கவனித்து முடித்ததைத் தருகிறது. காணொளியும் நோட்டுப் படமும் கவனிக்கும் வேலையை ஆசிரியரிடமே விடுகின்றன. கலப்பு வகுப்பறையில் நமக்குக் குறைவாக இருப்பது குறைபாடுகளைப் பற்றிய அறிவு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பின் நடுவே ஒரு பிள்ளையைப் பார்க்கும் கண். அதனால்தான் என் சாய்வு இந்தப் பக்கம்.

வெளியே இருந்து எடுத்துக்கொள்ளலாமா?

இந்த வகையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் நான் மதிப்பது அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள ஐரிஸ் மையத்தின் பாடங்களை. இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் அவர் குழுவினரும் 1990 வாக்கில் பள்ளிக் கணிதத்துக்காக ஜாஸ்பர் உட்பரி என்ற பாத்திரத்தை வைத்துக் கதைப் படங்கள் தயாரித்தார்கள். ஜாஸ்பர் ஒரு படகு வாங்குகிறான். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப எரிபொருளும் நேரமும் போதுமா என்பது கேள்வி. கணக்குக்குத் தேவையான எண்கள் எல்லாம் கதைக்குள் எங்கெங்கோ போகிறபோக்கில் வந்துபோயிருக்கும். ‘இதைக் குறித்துக்கொள்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். செல்வியின் தலை திரும்புவதற்கு அம்புக்குறி போடாமல் விடுவதும் இதே சூத்திரம்தான்.

அந்தக் குழுவின் சிந்தனையிலிருந்து வந்த ஐந்து படிச் சுழற்சியை ஐரிஸ் ஆசிரியர் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறது. முதலில் ஒரு சவால், பெரும்பாலும் சிறு காணொளி. அடுத்து, ‘உங்கள் முதல் எண்ணம் என்ன?’ பிறகு வல்லுநர் கருத்துகளும் படிப்பதற்கான பொருளும். பின்பு முதல் எண்ணத்துக்குத் திரும்பிப் பார்த்தல். கடைசியில் மதிப்பீடு. இதில் இரண்டாவது படிதான் தங்கம். விடையைக் கேட்பதற்கு முன் தன் எண்ணத்தை எழுதி வைத்தவருக்கு மட்டும்தான் தான் எங்கே நகர்ந்தோம் என்று தெரியும்.

ஆனால் உள்ளடக்கத்தை அப்படியே இறக்குமதி செய்வது வீண். அந்தப் பாடங்களில் வரும் பள்ளியில் தனிநபர் கல்வித் திட்டத்துக்கு ஒரு குழு கூடும், சிறப்பாசிரியர் அதே கட்டடத்தில் இருப்பார், உதவியாளர் வகுப்புக்குள்ளேயே நிற்பார். ஈராசிரியர் பள்ளியிலிருந்து வந்தவர் அதைப் பார்த்து முதலில் அடைவது ஏக்கம், அடுத்து ‘இதெல்லாம் நமக்கு ஆகாது’ என்ற நிம்மதி. அந்த நிம்மதி ஆபத்தானது. வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நம் வகுப்பறையைப் போடுவதே சரி.

இன்னொரு கோடியில் மிச்சிகனில் மக்டலீன் லாம்பர்ட்டும் டெபோரா பாலும் செய்தது இருக்கிறது. 1989–90 கல்வியாண்டில் தங்கள் சொந்தக் கணித வகுப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்து, பிள்ளைகளின் நோட்டுகளையும் தங்கள் குறிப்புகளையும் சேர்த்து, ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் தேடி ஆராயும் பெரும் களஞ்சியமாக்கினார்கள். கல்லூரி ஒன்றுக்கு ஆசைப்படத் தக்கது. வட்டார வள மையத்துக்கு அல்ல.

எதிர்வாதமும் யாருக்கு எது என்பதும்

சிக்கலை முதலில் வைப்பதற்கு வலுவான எதிர்ப்பு உண்டு. 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் எல்லாம் புதியவர்களின் நினைவாற்றல் மீது சுமையை ஏற்றுகிறது, செய்து காட்டிய எடுத்துக்காட்டே அவர்களுக்கு நல்லது என்று வாதிட்டது. அடுத்த ஆண்டே சிண்டி ஹ்மெலோ-சில்வரும் வேறு இருவரும் பதில் எழுதினார்கள்: சிக்கல்வழிக் கற்றல் வழிகாட்டல் இல்லாத முறையே அல்ல, அதில் தாங்குகோல்கள், அதாவது படிப்படியான உதவிகள், நிறைய உண்டு என்று.

எனக்கு இரு தரப்பும் வெவ்வேறு மாணவர்களைப் பற்றிப் பேசுவதாகவே படுகிறது. தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கும் 19 வயதுப் பெண்ணிடம் செல்வியின் காணொளியைப் போட்டால் அவருக்கு எல்லாமே சத்தமாகத்தான் தெரியும். எது வழக்கமான வகுப்பு என்றே இன்னும் பழகாதவர் எது விலகல் என்று எப்படிச் சொல்வார்? அவருக்கு முதலில் ஒரு வகுப்பைத் தீர்த்துக் காட்டி, ‘இதை இங்கே பார்த்தோம், அதனால் இப்படிச் செய்தோம்’ என்று விளக்கிவிட்டு, இரண்டாவதில் பாதியை அவரிடம் விட்டு, மூன்றாவதை முழுதாகக் கொடுக்க வேண்டும். பத்தாண்டு வகுப்பெடுத்தவருக்கோ நேர் எதிர். தீர்த்துக் காட்டினால், ‘எனக்குத் தெரியாதா’ என்று கையைக் கட்டிக்கொள்வார். அவரைத் தவறாக ஊகிக்க விட வேண்டும்.

சட்டம் போல இன்னொரு பகுதியும் சிக்கல்வழிக்கு வெளியே இருக்க வேண்டும்: கைப்பழக்கம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை நாற்காலியில் சரியாக உட்கார வைப்பது, பிரெய்ல் பலகையில் எழுத்தாணி பிடிப்பது, இருபது அடிப்படைச் சைகைகள், வலிப்பு வந்தால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது. வலிப்பு வந்த பிள்ளையைச் சுற்றி நின்று குழு விவாதம் நடத்த முடியாது. சிறப்புப் பயிற்றுநரோ இயன்முறை மருத்துவரோ செய்து காட்ட, ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் பழகியவர் ஒருவர் கிடைத்தால் அந்த ஒரு நாள் மற்ற நாட்களைவிடப் பயனுள்ளதாகக்கூட இருக்கும்.

பள்ளிக்கே போய் உதவுவது பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. பயிற்சி வகுப்பறைக்குள் போய்ச் சேர அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு வட்டாரத்துக்கு இருக்கும் சில சிறப்புப் பயிற்றுநர்கள் பயிற்சி மையம், வீட்டுவழிக் கல்வி, மருத்துவ முகாம், அடையாள அட்டை வேலை என்று ஏற்கெனவே பிய்த்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களின் வருகையைச் சனிக்கிழமையோடு கோத்துவிடுவதுதான் நடக்கக்கூடியது. செல்வி பற்றிய பயிற்சி முடிந்த அடுத்த மாதம் பள்ளிக்கு வருபவர், ‘உங்கள் வகுப்பில் பலகையைப் பார்த்து நன்றாக எழுதி, சொல்லக் கேட்டுத் தவறாக எழுதும் பிள்ளை யார்?’ என்ற ஒரே கேள்வியோடு வந்தால் அந்த வருகைக்கு அர்த்தம் இருக்கும்.

செய்வதற்கு என்ன ஆகும்?

பல்லூடகம் என்றதும் ஸ்டூடியோ, கணினி வரைகலை, ஒப்பந்தப்புள்ளி என்று மனம் போகிறது. வேண்டாம். ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி, சட்டையில் குத்தும் ஒலிவாங்கி ஒன்று. செலவு பெரிதல்ல, தொல்லை ஒலியில்தான் வரும். மின்விசிறியை நிறுத்த முடியாது, தகரக் கூரை எதிரொலிக்கும். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, பிள்ளை சொன்னது கேட்காவிட்டால் மொத்தமும் வீண்.

அதைவிடப் பெரிய தடை பிள்ளையின் முகம். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாட்ஸ்அப்பில் போன முகம் திரும்பி வராது என்பது போதாதா? ‘படிக்கத் தெரியாத பிள்ளை’ என்று ஊர் முழுக்கச் சுற்றும் காணொளி அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. எனவே வகுப்பின் பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்வேன். தலை திரும்புவது தெரியும், முகம் தெரியாது. மற்றவை நோட்டுப் படமும் ஒலியும். பெயர் மாற்றி, தேவைப்பட்டால் வேறு பிள்ளையின் குரலில் மறுபதிவு செய்யலாம். பல சிக்கல்களுக்கு காணொளியே தேவைப்படாது. வீட்டில் வேறு மொழி பேசும் சிறுவனின் கதையை மூன்று நிமிட ஒலியும் இரண்டு நோட்டுப் பக்கமும் முழுதாகச் சொல்லிவிடும். முழுக் காணொளிக்கும் வெறுந்தாளுக்கும் நடுவே உள்ள இந்த வடிவம்தான் செலவுக்கும் பலனுக்கும் நடுவே சரியான இடம் என்பது என் கணிப்பு.

ஒரு சின்ன விஷயம். அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உள்ளடக்கிய கல்விக்காக எடுத்த காணொளியை அவர்கள் பின்தொடர முடியாவிட்டால் அதைவிடப் பெரிய கேலி இல்லை. காட்சியைச் சொல்லும் ஒலி விவரணையும் எழுத்து வரிகளும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே பதிவு செய்து ஒன்றாகப் பார்ப்பது அடுத்த கட்டம். கல்வி ஆய்வாளர்கள் மிரியம் ஷெரினும் எலிசபெத் வான் எஸும் இப்படிக் கூடும் ஆசிரியர் குழுக்களை ஆராய்ந்து, பேச்சு மெல்ல மெல்ல ஆசிரியர் செய்தது சரியா தவறா என்பதிலிருந்து பிள்ளை என்ன நினைத்தது என்பதை நோக்கி நகர்வதைக் காட்டினார்கள். நம் ஊரில் அதற்கு முன்னால் ஒரு பயத்தைத் தாண்ட வேண்டும்: இந்தப் பதிவு மேலதிகாரியின் கைக்குப் போகுமா? போகாது என்று எழுத்தில் உறுதி தர முடியாத மையம் அந்தப் பக்கமே போகக் கூடாது. முதலில் யாரென்று தெரியாத வகுப்பு, நம்பிக்கை வந்தபின் சொந்த வகுப்பு.

உண்மையில் எந்த மையத்துக்கும் தட்டுப்பாடாக இருக்கப்போவது காணொளி அல்ல, குழுவை நடத்துபவர். 30 பேர் என்றால் 5 குழுக்கள். ஒருவரோ இருவரோதான் நடத்துபவர்கள். நம் கருத்தாளர்களுக்கு அமைதியைத் தாங்கும் பழக்கம் இல்லை. குழு திணறினால் விடையைச் சொல்லி உதவிவிடுவார்கள், அதோடு பயிற்சி உரையாகிவிடும். அவர்களுக்கு நான் கொடுக்க விரும்பும் அனுமதி இரண்டு கேள்விகளுக்கு மட்டும்: ‘அதை எந்த இடத்தில் பார்த்தீர்கள்?’ ‘வேறு என்ன காரணம் இருக்க முடியும்?’ இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் கிடைக்காவிட்டால், நேர்மையாக உரைப் பயிற்சியையே நடத்துவது மேல்.

இதையெல்லாம் வைத்து அந்த 6 நாட்களைப் பிரித்தால்: முதல் நாள் காலையில் சட்டமும் சலுகையும் ஒரு தாளில், மீதி நேரமும் இரண்டாம் நாளும் கைப்பழக்கத்துக்கு. அடுத்த மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு சிக்கல். செல்வி, வேறு வீட்டு மொழிச் சிறுவன், மூன்று நிலைக்கும் நடுவே எந்தக் குழுவிலும் ஒட்டாத பிள்ளை. இவற்றுக்கு இடையில் சிறப்புப் பயிற்றுநரின் பள்ளி வருகை. ஆறாம் நாளுக்கு ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் இரண்டு நோட்டுப் பக்கங்களோடு வர வேண்டும், பெயரை மறைத்து. அன்றைக்கு மையம் தயாரித்த பொருள் எதுவும் தேவைப்படாது. திக்ஷா பாடம் இவற்றுக்கு நடுவே வீட்டில் படிக்கும் பொருளாக வரலாம். செல்வியைப் பார்த்தபின் செவித்திறன் பாடத்தைத் திறப்பவர் அதை ஓட விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகமாட்டார் என்று எதிர்பார்க்கலாம்.

தனியார் பள்ளியில் சிறப்பாசிரியர் தினமும் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அங்கே பயிற்சி நாட்களைக் குறைத்துவிட்டு அவரை வகுப்புக்குள் நிறுத்துங்கள். கல்வியியல் கல்லூரிக்கு நேரம் இருக்கிறது, அனுபவம் இல்லை. தீர்த்துக் காட்டிய சிக்கல்களிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ஒரு சனிக்கிழமைதான் தருவோம் என்று மேலிடம் சொன்னால், காணொளியை எல்லாம் விட்டுவிட்டு, காலையில் வலிப்புக்கான முதலுதவியும் உட்கார வைக்கும் முறையும் செய்து காட்டிவிட்டு, பிற்பகலில் நோட்டுப் பக்கங்களை மேசைமேல் பரப்பிவிடுவேன்.